ஆறாவது போர்டு

செஸ் போட்டி நடக்கும் எந்த மண்டபத்துக்குப் போனாலும் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "உங்க பிள்ளை எந்த போர்டும்மா?" என்பதுதான். என் பிள்ளை எந்த போர்டிலும் இல்லை. ஒரே மகள், வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். குதிரை எப்படித் தாண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆட வந்திருப்பது நான்தான் என்று சொன்னால் ஒரு முறை பட்டியலைப் பார்ப்பார்கள், ஒரு முறை என்னைப் பார்ப்பார்கள், பிறகு மறுபடியும் பட்டியலைப் பார்ப்பார்கள். இந்த முறை ஒருவர் ஒரு படி மேலே போய், பெற்றோர் காத்திருக்கும் அறை மாடியில் இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து, அட்டையிலிருந்து மாத்திரையைக் கத்தரித்து, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று உறையில் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால், கூட்டமில்லாத ஒரு மதியத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது கைபேசியில் தற்செயலாக இந்த ஆட்டத்தைத் திறந்தேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா என்று கேட்காதவர்கள் கிடையாது. கேட்கட்டும். வீட்டுக்குப் போய் வெள்ளைக் காய்களை அடுக்கி வைக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் நாள் முழுக்க அந்தக் கவுண்டரில் நிற்கிறேன்.

வீட்டில் எனக்கு எதிரே உட்காருபவர் இவர். லிப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டிடத்தில் நடுவழியில் நின்றுபோன லிப்டின் கூரைமேல் நின்றுகொண்டு, உள்ளே மாட்டிக்கொண்டு அலறுபவர்களிடம், "அஞ்சு நிமிஷம் சார்" என்று நிதானமாகச் சொல்லும் மனுஷன். அந்த நிதானம்தான் என் உயிரை வாங்குகிறது. காய்கள் எப்படி நகரும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தினமும் சாப்பிட்டு முடித்ததும் ஓர் ஆட்டம். தினமும் நான் ஜெயிப்பேன். ராணியையோ யானையையோ எங்காவது கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நான் அதை வெட்டியதும், "அடடா, இதைக் கவனிக்கலையே" என்பார். கொட்டாவி விட்டபடி படுக்கப் போய்விடுவார். இவ்வளவு நாளில் ஒரு சிறு முன்னேற்றமாவது வேண்டாமா என்று மகளிடம் புலம்பியிருக்கிறேன். "விடும்மா, அப்பாவுக்கு அவ்வளவுதான் வரும்" என்றாள் அவள்.

போட்டிகளுக்கு என்னை ஸ்கூட்டரில் அழைத்துக்கொண்டு போவதும் இவர்தான். நான் உள்ளே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் இவர் பெற்றோர் அறையில் காத்திருப்பார். அங்கே என்னதான் செய்கிறாரோ, எந்தப் போட்டிக்குப் போனாலும் அந்த அறைக்குப் போகும் அப்பாக்கள் இவரை வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். "வாங்க லிப்ட்டு, உங்களுக்குத்தான் நாற்காலி போட்டு வச்சிருக்கோம்" என்பார்கள். நன்றாக அரட்டை அடிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மாடி ஏறிப் போய்ப் பார்க்க எனக்கு எங்கே நேரம்? தோற்றுவிட்டு வெளியே வந்தால் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காது, நேராக வண்டியண்டை போய் நின்றுகொள்வேன்.

இந்தப் போட்டி எனக்கு மற்றவற்றைப் போல அல்ல. எங்கள் வட்டாரத்துச் செஸ் கிளப்பின் செயலாளர் எங்கள் கடையில்தான் பிரஷர் மாத்திரை வாங்குவார். கிளப்புகளுக்கு இடையே நடக்கும் ஆட்டங்களுக்கு ஆறு பேர் கொண்ட அணி அனுப்புகிறார்கள். ஆறாவது போர்டில் ஆடிக்கொண்டிருந்தவர் வெளியூர் மாற்றலாகிப் போய்விட்டார். மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே, நான் ஆடட்டுமா என்று கேட்டேவிட்டேன். மனுஷன் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "ரெண்டு மாசம் கழிச்சு ஒரு வாரக் கடைசில ஏழு சுற்று போட்டி நடக்குது. நாலு பாயிண்ட் எடுங்கம்மா, உங்களையே போட்டுடறேன்" என்றார். அன்று மாலை வரை நான் தரையில் நடக்கவில்லை. மேசைமேல் என் பெயர் எழுதின அட்டை. கிளப்பின் பெயர் போட்ட சட்டை. பிள்ளை எந்த போர்டு என்று இனி எவனாவது கேட்டால், ஆறாவது போர்டு, அதில் ஆடுவது நான் என்று சொல்லலாம்.

நாலே பாயிண்ட். அதற்கு இரண்டு மாதமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன்.

முதல் நாள் காலையில் ஒரு கூத்து நடந்தது. வந்திருந்தவர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் முடிந்துவிட்டது. அப்படி ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒருவருக்கு எதிராளி இருக்க மாட்டார். ஜோடி சேர்ப்பதற்காக, ஆடத் தெரிந்தவர்கள் யாராவது சும்மா வந்து சேர்ந்துகொள்கிறீர்களா, கட்டணம் வேண்டாம் என்று நடுவர் மாடிக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அங்கிருந்த அத்தனை அப்பாக்களும் இவரைக் கைகாட்டியிருக்கிறார்கள். நான் என் மேசையில் உட்கார்ந்து காய்களை நேராக்கிக்கொண்டிருக்கிறேன், எதிர் வரிசையில் இவர் வந்து உட்காருகிறார்! பக்கத்தில் போய் என்ன இது என்று கேட்டேன். மாடியில் விசிறி ஓடவில்லை, இங்கே குளுகுளுவென்று இருக்கிறது, மதியச் சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டாம் என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஜெயிக்க வேண்டிய ஓர் ஆட்டத்தில், கால் தரையில் எட்டாத ஒரு சிறுமி எனக்குத் தண்ணி காட்டிவிட்டு, போகும்போது "நல்லா ஆடினீங்க ஆன்ட்டி" என்று ஆறுதல் வேறு சொன்னாள். இன்னொன்றில் மந்திரியைத் தொட்டுவிட்டேன். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது சட்டம், நகர்த்தினால் ராணி போகும். நகர்த்தினேன், போயிற்று. எப்படியோ முட்டி மோதி ஆறு சுற்று முடிவில் மூன்று பாயிண்ட் சேர்த்துவிட்டேன். கடைசிச் சுற்றில் ஒரே ஒரு வெற்றி போதும்.

இவரும் மூன்று பாயிண்ட் எடுத்திருந்தார். எப்படி என்று கேட்டால், ஓர் ஆளுக்குக் கைபேசி அடித்துவிட்டதாம், சட்டப்படி ஆட்டம் இவருக்கு. இன்னொருவருக்கு வயிறு சரியில்லை, ஆடாமலே போய்விட்டாராம். மூன்றாவது? "அவர் ஏதோ தப்பு பண்ணிட்டார்" என்றார், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே. நான் இரண்டு மாதம் படித்து எடுத்த மூன்றும், விசிறிக் காற்றுக்காக உள்ளே வந்த மனுஷன் எடுத்த மூன்றும் பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. வயிறு எரிந்தது.

அதோடு போயிற்றா? கடைசிச் சுற்றுக்கு யார் யாரோடு என்று ஒட்டியிருந்த தாளைப் போய்ப் பார்த்தேன். சமமான பாயிண்ட் எடுத்தவர்களைத்தான் ஜோடி சேர்ப்பார்கள். என் பெயருக்கு எதிரே இவர் பெயர். மண்டபத்தில் இத்தனை பேர் இருக்க, எனக்கென்று வந்து வாய்த்தது தினமும் வீட்டில் வாய்ப்பதுதான்.

முதலில் சிரிப்பு வந்தது. இவரையா, கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பேனே என்று தோன்றியது. அடுத்த நொடியே வேறு ஒன்று உறைத்தது. செயலாளர் அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் ஜெயித்தால், புருஷன் விட்டுக்கொடுத்துவிட்டார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவர் அணியில் போட்டாலும் மனதுக்குள் அப்படித்தான் நினைப்பார். இவரும் அதைத்தான் செய்வார், எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சண்டையிலாவது கடைசிவரை நின்றிருக்கிறாரா? "சரி, நீ சொல்றதுதான் சரி" என்று பாதியில் எழுந்து போகிறவர்தானே. தண்ணீர் குடிக்கப் போனவரை நடைபாதையில் மடக்கினேன்.

"இத பாருங்க. விட்டுக்கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். முறையா ஆடணும்."

வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை இறக்கினார். "நிஜமாவா சொல்ற?"

"பின்ன, விளையாட்டுக்கா சொல்றேன்? எனக்குப் பிச்சை போடாதீங்க. போட்டீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் உங்ககூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நல்லா யோசிச்சுதானே சொல்ற?"

யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று சீறினேன். சரி என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

எனக்கு வெள்ளை. கைகுலுக்கிக்கொண்டோம். இவ்வளவு வருடத்தில் நாங்கள் கைகுலுக்கியது அதுதான் முதல் தடவை. உள்ளங்கையில் எப்போதும் இருக்கும் அந்தக் கிரீஸ் வாசனை, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாதது, அது என் கைக்கும் வந்துவிட்டது.

படித்தபடியே தொடங்கினேன். குதிரையை வெளியே கொண்டுவந்து, மந்திரியை நகர்த்தி, ராஜாவை யானையோடு இடம் மாற்றி மூலையில் பத்திரமாக வைத்தாயிற்று. முன்னால் மூன்று சிப்பாய்கள் காவல். இவர் வழக்கம்போல் விறுவிறுவென்று ஆடினார், ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைத் தட்டிவிட்டுக் கூரையைப் பார்த்தார். எந்த லிப்டைப் பற்றி யோசிக்கிறாரோ. பிறகு தன் குதிரையைக் கொண்டுவந்து என் ராஜாவின் வீட்டு வாசலில் நிறுத்தினார். இது ஒரு ஆட்டமா? ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அதை விரட்டினேன். போகாமல் நின்றால் வெட்டிவிடுவேன். மாடு என்றாலும் அந்நேரம் நகர்ந்திருக்கும்.

இவர் குதிரையை நகர்த்தவில்லை. அந்தக் கோடியில் இருந்த தன் ஓரத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு, கடிகாரத்தைத் தட்டிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

ஒரு முழுக் குதிரை, சும்மா. எனக்குக் காதுவரை சூடேறிற்று. அவ்வளவு சொல்லியும் இந்த மனுஷன் புத்தியைக் காட்டிவிட்டாரே! அதுவும் நாசூக்காகவா, ஊரே பார்க்கும்படி, இந்தா எடுத்துக்கோ என்று தட்டில் வைத்து நீட்டுகிறார். மேசைக்கு அடியில் காலை நீட்டி இவர் பாதத்தை ஒரு மிதி மிதித்தேன். இவர் காலை இழுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையாட்டினார். "என்ன பண்றீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நடுவர் வந்து, எதிராளியோடு பேசக்கூடாதும்மா, இன்னொரு தடவை பேசினால் எச்சரிக்கை போடுவேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். எச்சரிக்கை எனக்கு!

என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் யோசித்தேன், யோசித்தேன், அப்படி யோசித்தேன். எடுப்பதா வேண்டாமா? எடுத்தால் பிச்சை வாங்கியதாக ஆகிவிடும். எடுக்காமல் விட்டால் என்னைப் போன்ற முட்டாள் உண்டா, கைக்கு வந்த நாலாவது பாயிண்டை யாராவது விடுவார்களா? ஒருவேளை வழக்கம்போல் கவனிக்காமலே வைத்திருப்பாரோ? அப்படியென்றால் அது விட்டுக்கொடுத்தது ஆகாதே, வெறும் முட்டாள்தனம்தானே, முட்டாள்தனத்தைத் தண்டிப்பதில் என்ன தப்பு? இவருடைய முட்டாள்தனத்துக்கும் நல்ல மனசுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கூடவே குடித்தனம் நடத்தும் என்னாலேயே முடியவில்லை என்றால் செயலாளருக்கு மட்டும் எப்படித் தெரியப்போகிறது? சரி, இப்போது எடுப்போம், ஜெயிப்போம், சண்டையை வீட்டில் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். ஓரத்துச் சிப்பாயால் குதிரையை வெட்டினேன்.

"அடடா" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குதிரையை வெட்டிய என் சிப்பாயை இவருடைய ஓரத்துச் சிப்பாய் வெட்டியது. போகட்டும், ஒரு குதிரைக்கு ஒரு சிப்பாய், எனக்கு லாபம்தான். அந்தச் சிப்பாய் இப்போது என் குதிரையை மிரட்டிக்கொண்டு நின்றது. குதிரையைப் பின்னால் இழுத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பலகையைப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது இவர் முகத்தை.

ஓரத்துக் கோடு முழுக்கக் காலியாக இருந்தது. என் சிப்பாயும் இல்லை, இவர் சிப்பாயும் இல்லை. அந்தக் கோடியில் இவருடைய யானை என் ராஜா வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அது தொடக்கத்திலிருந்தே அங்கேதான் நின்றது, ஓரடி நகரவில்லை. இவர் ராணியை எடுத்துக் குறுக்கே நடத்தி, அதே கோட்டில், யானைக்கு முன்னால் வைத்தார்.

ராஜா தப்பித்து ஓட ஒரு சந்து வேண்டுமே என்று பதறிப் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளினேன். இவர் தன் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னால் வைத்து அந்தச் சந்தையும் அடைத்தார். அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கடிகாரத்தில் எனக்கு நேரம் நிறைய இருந்தது. கடைசியில் ராணி என் ராஜாவின் பக்கத்தில் வந்து நின்றபோது இவர் கூரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், இன்றைக்கு லிப்ட் ஓடாது என்று குடியிருப்புக்காரர்களிடம் சொல்லும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

தாளில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

செயலாளர் அதற்குள் மேசையண்டை வந்துவிட்டார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வருகிறார் என்று முகத்தைச் சரிசெய்துகொண்டேன். அவர் குனிந்து பலகையைப் பார்த்து, குதிரையை அங்கே பலி கொடுக்க எங்கே சார் கற்றுக்கொண்டீர்கள் என்று இவரிடம் கேட்டார். மாடியில் ஒரு பையனின் அப்பா ஆடிக் காட்டினார் என்றார் இவர். அவர் பழைய மாவட்ட சாம்பியனாம். இன்னொருவர் ராணுவத்தில் ஆடியவராம். பிள்ளைகள் உள்ளே ஆடி முடிக்கும்வரை அந்த அறையில் பலகை ஓய்வதே இல்லையாம். மூன்று வருடமாக, ஒவ்வொரு போட்டியிலும். நான் உள்ளே சிறுமிகளிடம் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவர் மேலே சாம்பியன்களோடு ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆறாவது போர்டு காலியா இருக்கு சார். நாலு பாயிண்ட் எடுத்துட்டீங்க. வர்றீங்களா?" என்றார் செயலாளர்.

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று இவர் சொன்னது காதில் விழுந்தது. அவ்வளவுதான், கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன்.

வண்டி நிறுத்துமிடம்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் பின்னாலேயே வந்து, ஸ்கூட்டரின் இருக்கையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"நீதானே முறையா ஆடச் சொன்ன" என்றார்.

சொன்னேன்தான். யார் இல்லை என்றது? அப்போதுதான் வேறு ஒன்று மண்டையில் இறங்கிற்று. இப்படி ஆடத் தெரிந்தவர் எப்படி இத்தனை நாளாக ராணியைக் கொண்டுவந்து என் சிப்பாயின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்?

"அப்ப வீட்ல?" என்று கேட்டேன்.

துணியை மடித்தார். இருக்கைக்கு அடியில் வைத்தார். இருக்கையை மூடினார்.

"வீட்ல முறையா ஆடுன்னு நீ சொல்லவே இல்லையே."

எனக்கு எங்கே வலித்தது என்று சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது. தோற்றது வலிக்கவில்லை. தோற்பது எனக்குப் பழக்கம். தினமும் ஜெயித்துவிட்டுத் தூங்கினேனே, அத்தனை ராத்திரியும் பொய்யாகப் போய்விட்டது. இன்னொன்றும் உண்டு, அதை இவரிடம்கூடச் சொல்லவில்லை. முறையாக ஆடுங்கள் என்று அந்த நடைபாதையில் விரலை ஆட்டியபோது, எனக்குத் தெரியாமல் தோற்றுப்போங்கள் என்றுதான் உள்ளே கேட்டிருக்கிறேன். மூன்று வருடமாக எனக்குத் தெரியாமல் தோற்கத் தெரிந்த மனுஷனுக்கு, தோற்க வேண்டிய ஒரே ஒரு நாளில் அது தெரியாமல் போய்விட்டது.

வழியில் ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது, "எனக்கு வேண்டாம்னு செயலாளர்கிட்ட சொல்லிடறேன், நீயே போ" என்று ஆரம்பித்தார். வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டுங்கள் என்றேன். நல்லவேளை, பச்சை விழுந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் பலகையைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். காய்களை அடுக்கினேன். வெள்ளையை என் பக்கம் வைத்துக்கொண்டேன், அதை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இவர் கால்சட்டை மாற்றப் போனவர் பாதி வழியில் நின்றார்.

"உட்காருங்க" என்றேன்.

"முறையாவா?"

"முறையா."

முதல் ஆட்டம் தோற்றேன். நன்றாக, அக்குவேறு ஆணிவேறாகத் தோற்றேன். இரண்டாவதில் கொஞ்சம் தாக்குப்பிடித்துத் தோற்றேன். இவருக்குப் பசி, கண் சமையலறைப் பக்கம் போய்ப் போய் வந்தது. செயலாளருக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று கேட்டார். இந்த மேசையில் முதலில் ஒரு முடிவு வரட்டும், அப்புறம் சொல்லலாம், யார் போக வேண்டுமோ அவர் போகட்டும் என்றேன்.

மூன்றாவது ஆட்டத்தில் இவருடைய குதிரை மறுபடியும் என் ராஜாவின் வாசலுக்கு வந்தது. நான் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளி விரட்டினேன். இவர் அந்தக் கோடிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு, வழக்கம்போல் கூரையைப் பார்த்தார்.

நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தேன். குதிரை அங்கேயே, சும்மா நின்றுகொண்டிருந்தது. அதை நான் தொடவில்லை. வேறு பக்கத்தில், நடுவில் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் வைத்தேன்.

இவர் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, இந்த மூன்று வருடத்தில் முதல் தடவையாக, என் எதிரே உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார்.